கடப்பாக் கல்லுக்கு ஒரு மரமுகம்

அலமாரிக்கு எதற்கு முகம் என்று ஒரு நாள் காலையில் என் கணவரைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். உண்மையில் இல்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறென்ன தெரியும்?

ஆனால் அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் என் இடது பாதத்தில் கொதிக்கும் கஞ்சி கொட்டியிருந்தது.

எனக்கு இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோர்ப்பேன். பக்கத்தில் யானை வந்து நின்றால் தெரியாது. காலடியில் என்ன இருக்கிறது என்பதும் குனிந்து பார்த்தால்தான் உண்டு. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அந்த இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக யார் தயவும் இல்லாமல் சமைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு இரும்புலியூரில். சமையல் மேடைக்குக் கீழே கொத்தனார் கடப்பாக் கல்லில் தட்டுகள் கட்டி, அவற்றின் முன்னால் அலுமினியச் சட்டத்தில் நாலு கதவுகள் மாட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அப்படித்தான். கஞ்சி கொட்டிய அன்றைக்கு என் கணவர், பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர பேங்குக்குப் போயிருந்தார். நான் சாதத்தை வடிக்கப் பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினேன். திறந்து கிடந்த கதவொன்று முழங்காலில் இடித்தது. அவர் உயிரோடு இருக்கும் சான்றுடன் திரும்பி வந்தபோது நான் பாதத்தைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

மகன் மேடவாக்கத்தில் இருக்கிறான். சேதி தெரிந்ததும் டிராபிக்கில் நின்றபடியே போன் செய்தான்.

"அம்மா, தை பொறந்ததும் சமையலுக்கு ஒரு அக்கா வராங்க. பேசி முடிச்சாச்சு. இனிமே நீ கிச்சன் பக்கமே போகக் கூடாது."

"யாரைக் கேட்டு முடிச்ச?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேனே."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கல் வரைக்கும் டைம் குடு. கதவு என்னை இடிக்காத மாதிரி நானே ஒரு வழி பண்றேன். முடியலைன்னா உன் அக்கா தாராளமா வரட்டும்" என்றேன். சவாலாகத்தான் சொன்னேன், உள்ளே பயம். கண்ணில் முக்கால்வாசி போயாயிற்று. அடுப்படியும் போனால் அந்த வீட்டில் நான் எந்த இடத்தில் நிற்பது?

வழி என்று நான் யோசித்தது சின்ன விஷயம்தான். தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு. ஸ்பிரிங் வைத்த கீல் கடையில் கிடைக்கிறது, கையை விட்டால் கதவு போய் மூடிக்கொள்ளும். ஆனால் அந்தக் கீலை எதில் திருகுவது? கடப்பாக் கல்லில் திருகாணி இறங்காது. அலுமினியமோ தகரம் மாதிரி மெல்லியது, ஸ்பிரிங் இழுக்கிற இழுப்பில் பிய்ந்து வரும். பாதத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் போனில் தச்சு வேலை வீடியோக்களாகப் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் பெட்டி செய்து, அதன் வாயைச் சுற்றி மரச்சட்டம் ஒன்றை ஒட்டினார். முகம் என்றார் அதற்கு. பெட்டியின் கரடுமுரடான ஓரங்களை அது மறைத்தது, கோணாமல் பிடித்துக்கொண்டது, கீல் திருக இடமும் கொடுத்தது. என் கடப்பாக் கல்லுக்கு இல்லாமல் போனது இந்த முகம்தான் என்று அப்போது புரிந்தது.

இனி என் பைத்தியக்காரத்தனம். சட்டத்தை வரைவதற்கு முன்னால் என் கை எங்கெல்லாம் போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கண்ணுக்குப் பதிலாகக் கையால்தான் சமைக்கிறேன் என்று பெருமை பேசுகிறேனே, அந்தக் கை என்னதான் செய்கிறது? பழைய கைப்பையில் சாக்பீஸ் துண்டுகள் நிறைய இருந்தன. பொடி செய்து இரண்டு உள்ளங்கையிலும் தடவிக்கொண்டு ஒரு காலை முழுக்கச் சமைத்தேன். சாமானைத் தொடும்போது மட்டும் கையைத் துடைத்துவிட்டு மறுபடி தடவிக்கொண்டேன். என் கணவர் நான்கு முறை தண்ணீர் குடிக்க வந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரே தாகம்.

சமையல் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புக் கல்லின் மேல் வெள்ளை விரல்கள் அத்தனை தெளிவாக இருந்தன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கதவுகளுக்கு நடுவே தட்டுகளைத் தாங்கி நின்ற கல் தூண்கள்தான் அதிகம் வெளுத்திருந்தன. ஒவ்வொரு முறையும் முதலில் தூணைத் தொட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் கைப்பிடிக்குப் போயிருக்கிறேன். இது எனக்கே தெரியாது.

இன்னொன்றும் பார்த்தேன். நாலு கதவுகளும் மூடியிருந்தன. கைப்பிடிகளின் உட்பக்கம், விரலை மாட்டி இழுக்கிற இடத்தில் மட்டும் சாக்பீஸ் இருந்தது. கதவைத் தள்ளிச் சாத்தும் இடத்தில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"பாருங்க, நான் கதவைக் கையால சாத்தறதே இல்ல. முட்டியால தள்ளிட்டுப் போயிடறேன் போல. என்ன சாமர்த்தியம்!" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்றார்.

தூண் விஷயம்தான் என் சட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. கை தூணைத்தான் தேடுகிறது என்றால், தூணே இது எந்தக் கதவு என்று சொல்லிவிட்டால் என்ன? முதல் கதவின் இடப்பக்கத் தூண் ஒன்றரை அங்குல அகலம். அடுத்தது இரண்டு, பிறகு இரண்டரை, கடைசிக் கதவுக்கு மூன்று. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துப் பார்த்தால் அரை அங்குல வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கோடு போட்ட நோட்டில் வரைந்து காட்டினேன்.

"ஒண்ணு ஒல்லி, ஒண்ணு குண்டு. பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார் அவர்.

"சிரிக்கறவங்க வந்து சமைச்சுப் போடட்டும்."

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு மரவாடி இருக்கிறது. அங்கே மெஷினில் மரம் அறுக்கும் ஆள் என் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எல்லா அளவையும் மில்லிமீட்டராக மாற்றிப் போட்டிருந்தேன்.

"இன்னா மேடம் இது, ஜாதகம் மாதிரி கீது? நூலுல சொல்லுங்க."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் நூலுக்கு மாற்றினேன். வேங்கை மரம், ஒரு அங்குலக் கனம். மேலே ஏழடியில் ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒன்று, நடுவில் ஐந்து தூண்கள். அதோடு அலுமினியத்துக்குப் பதிலாக நாலு மரக் கதவுகள். சேரும் இடங்களில் குறுக்குச் சட்டத்தின் பின்பக்கம் பாதிக் கனமும் தூணின் முன்பக்கம் பாதிக் கனமும் வெட்டி எடுக்கச் சொன்னேன். ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்க வைத்தால் மொத்தமும் ஒரே சமமாக உட்கார வேண்டும். பத்து இணைப்புகள்.

மெஷின் வெட்டு கொஞ்சம் இறுக்கமாகவே வந்திருந்தது. அதை உளியால் சீவிச் சீவிச் சரிசெய்தது நான். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது அவர். ரயில்வேயில் இருந்தபோது அவருடைய வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்து இன்றும் தழும்பு இருக்கிறது. அதைக் காட்டிக் காட்டி என்னைப் பயமுறுத்தினார். உளி என் கண்ணுக்கு நேரேதானே இருக்கிறது, எனக்கென்ன பயம்? ஆனால் கீழே வைத்த உளியைத் தேடும்போதுதான் திண்டாட்டம். அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு விஷயம் அப்போது கற்றுக்கொண்டேன். இணைப்பு சமமாக இருக்கிறதா என்று கண் சொல்வதைவிட விரல் நன்றாகச் சொல்கிறது. தலைமுடி கனத்துக்கு ஒரு பக்கம் ஏறியிருந்தாலும் விரல் நின்றுவிடும். கண்ணுக்கு அது ஒரே பலகையாகத் தெரியும். இத்தனை வருடம் இந்த விரலை வைத்துக்கொண்டு சாக்பீஸ் மட்டும் பிடித்திருக்கிறேனே என்று இருந்தது.

கட்டிலின் மேல் சட்டத்தைப் போட்டு, வெள்ளைப் பசை தடவி, கிளாம்ப் மாட்டி இறுக்கினோம். சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை சணல் கயிறு பிடித்து அளந்தேன். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமம் என்று எத்தனை ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கத்தியிருப்பேன்! இரண்டும் அச்சாகச் சமம். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து, "தரையில நட" என்றார் கணவர்.

இரண்டு நாள் கழித்து அலுமினியக் கதவுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனோம். வலது பக்கம் சொன்ன பேச்சு கேட்டு உள்ளே நுழைந்தது. இடது பக்கம் நுழையவே இல்லை. மேடைக்குக் கீழே முக்கால் அங்குலம் முட்டிக்கொண்டு நின்றது.

"நீ தப்பா அளந்திருக்க."

"நானா?"

கோபத்தில் நாலு முறை அளந்தேன். வலது ஓரத்தில் என் அளவு சரி. இடது ஓரத்தில் ஆறு நூல் குறைவு. ஜன்னல் வெளிச்சம் விழுகிறதென்று வலது ஓரத்தில் மட்டும் அளந்திருக்கிறேன். ஆனால் ஒரே மேடை, ஒரே தரை, எப்படி இரண்டு உயரம் வரும்? சட்டத்தை ரம்பத்தால் அறுக்கலாம் என்றார் அவர். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். நோட்டையும் கோபத்தையும் எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போனோம்.

அறுக்கும் ஆள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "தண்ணி போற ஓட்டை எந்த மூலைல கீது?"

"வலது மூலையில."

"அப்புறம் இன்னா மேடம்! வூட்டைக் கழுவி வுட்டா தண்ணி அந்தாண்ட ஓடணும்னுதான கொத்தனார் தரைய வாட்டமா போட்டுகிறான். தரை கோணலா கீது, நீங்கோ நேரா செஞ்சுகினு வந்தா எப்டி பூரும்?"

இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்படியை வாரம் தவறாமல் கழுவி, தண்ணீரை வலது மூலைக்குத் தள்ளியவள் நான். தண்ணீர் தானாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மேடை மட்டம், தரை சரிவு. அங்கே இருந்தது செவ்வகமே இல்லை. மூலைவிட்டம் பார்த்து நான் ஆடிய ஆட்டமெல்லாம் கட்டிலுக்குத்தான் சரி.

வழியையும் அந்த அறுக்கும் ஆளே சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டத்தை மேடைக்கு முன்னால் தரையில் நிறுத்தி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை வலது பக்கம் ஆப்பு வைத்துத் தூக்கினோம். ஆறு நூல் கனத்தில் ஒரு சின்னக் கட்டை. அதன் தலையில் பென்சிலை வைத்து, கட்டையைத் தரையோடு தரையாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன். தரையின் சரிவு அப்படியே சட்டத்தின் அடியில் கோடாக விழுந்தது. தரை தன் கையெழுத்தைப் போட்டதைப் பார்த்ததில் எனக்குத் தோற்ற வருத்தம்கூடப் போய்விட்டது. கோட்டுக்குக் கீழே இருந்ததை இழைத்து எடுத்தோம். சட்டம் உள்ளே போய் உட்கார்ந்தது. சுவரில் பிளக் அடித்துத் திருகினோம்.

கீலில் மட்டும் ஒரு சிக்கல். கடையில் ஸ்பிரிங் கீல் மூன்று ஜோடிதான் இருந்தது, மீதி ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். மூன்று கதவுகளுக்கு அதை மாட்டிவிட்டு, நாலாவதற்குச் சாதாரணக் கீலைத் தற்காலிகமாக மாட்டினோம். நாலாவது கதவு வலது கோடியில், ஓட்டை மூலைக்குப் பக்கத்தில், காப்பிப் பொடியும் ஃபில்டரும் இருக்கும் இடம். அதற்கப்பால் சுவர்தான். அதைத் தாண்டி நான் எங்கும் போவதில்லை என்பதால் கவலைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்தேன். மார்கழி ஈரத்தில் அது காய்வேனா என்றது. ஒட்டுகிறது, தொடாதீர்கள் என்று அவரிடம் பத்து முறை சொன்னேன்.

மறுநாள் சமைத்தேன். மூன்று கதவுகளும் நான் கையை எடுத்ததும் டப், டப் என்று தாமாகச் சாத்திக்கொண்டன. முழங்காலில் எதுவும் இடிக்கவில்லை. சந்தோஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வார்னிஷ் காய்ந்ததா என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். முதல் மூன்றும் சுத்தமாக இருந்தன. நாலாவதின் நடுவில், தள்ளிச் சாத்தும் இடத்தில், ஈர வார்னிஷில் ஒரு பெரிய கட்டைவிரல் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு கோடு.

டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாக்பீஸ் படாத கதவுகள். நாலு முறை தாகம். என் முட்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்ததில்லை. இரண்டு வருடமாக நான் திறந்து போட்டுவிட்டுப் போகிற கதவுகளை எல்லாம் எனக்குப் பின்னால் வந்து ஒருவர் சாத்திக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாதவளுக்கு இது எப்படித் தெரியும்? அவர் பேங்குக்குப் போன ஒரே ஒரு நாளில்தான் கதவு திறந்தே கிடந்தது.

முதலில் வந்தது கோபம்தான். யார் தயவும் இல்லாமல் சமைக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. கூடத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"உங்க விரலைக் காட்டுங்க."

காட்டினார். தழும்பில் வார்னிஷ் ஒட்டியிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ற அளவுக்கு இதுல என்ன இருக்கு? நீ தொறப்ப, நான் சாத்துவேன்."

"ரெண்டு வருஷமா?"

அவர் விரலை வேட்டியில் துடைத்தார். போகவில்லை. "சொன்னா நீ சமைக்கிறதையே விட்டுடுவியோன்னு இருந்துச்சு. அன்னிக்கு ஒரு நாள் நான் பேங்குக்குப் போயிருக்கக் கூடாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான், மகன் போன் செய்த அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பாதம் வெந்ததற்கு அவர் இத்தனை நாளாகத் தன்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

வாரம் முடிந்து மீதிக் கீலும் வந்தது. அவரே திருப்புளியை எடுத்துக்கொண்டு நாலாவது கதவின் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திருகாமல் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

பொங்கலன்று மகன் வந்தான். நேராக அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து விட்டுப் பார்த்தான். முதலாவது சாத்திக்கொண்டது, இரண்டாவது சாத்திக்கொண்டது, மூன்றாவதும். தூண்களைத் தொட்டுப் பார்த்து, "ஏம்மா ஒவ்வொண்ணு ஒவ்வொரு சைஸ்ல இருக்கு?" என்று கேட்டான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அவனும் தடவிப் பார்த்தான். நாலாவது கதவைத் திறந்தான். அது திறந்தபடியே நின்றது.

"இது மட்டும் ஏன்மா சாத்திக்கல?"

"அது அப்பாவோட கதவு" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தான், அப்பா வழக்கம்போல் மேலே பார்த்தார். "சரி, அந்த அக்காகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

எல்லோருக்கும் காப்பி போட வேண்டியிருந்தது. மூன்று அங்குலத் தூணைப் பிடித்து, நாலாவது கதவை முழுக்கத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். கதவைச் சாத்தவில்லை.